மரம் போன பின்னும் முளைக்காத கம்பு

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் போகும் பாதையில், பார்க்கும் இடமெல்லாம் சீமைக்கருவேலம். காட்டுக்கருவை என்றால்தான் அங்கே பலருக்குப் புரியும். நடுநடுவே கரிமூட்டப் புகை. போன ஐப்பசியில், கருவையை வெட்டிய கையோடு கம்பு விதைத்திருந்த ஒரு புன்செய்க்குள் இறங்கினேன். மற்ற இடமெல்லாம் பயிர் நன்றாக வந்திருந்தது. மரம் நின்ற இடங்களில் மட்டும் வட்ட வட்டமாகச் சொட்டை.

"விதை மோசமா சார்?" என்று கேட்டார் அந்த விவசாயி. ஒரே விதை, ஒரே மழை. விதையைக் குறை சொல்ல முடியாது.

சொட்டை விழுந்த இடத்தைக் கிளறினால் இரண்டு விரல் கனத்துக்குக் கருவைச் சருகு. இந்த இலையில் உள்ள சில ரசாயனங்கள் மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்கும். அவை விதை முளைப்பதைத் தடுக்கும். முளைத்தாலும் வேரை நீள விடாது. மரம் நிற்கும்போது நிழலும் தண்ணீர்ப் போட்டியும் சேர்ந்துகொள்ளும். அவை இரண்டும் போன பிறகும் சருகு மிச்சம் இருக்கிறதே!

ஆனால் அது கெட்டுப்போன மண் இல்லை. கருவை பயறு இனத்து மரம். அதன் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். பக்கத்துப் பொட்டலைவிட மரத்தடி மண்ணில் பெரும்பாலும் சத்து கூடுதல். அவசரப்படாதவருக்கு அது லாபம்.

முதலில் சருகை வாரி வயலுக்கு வெளியே குவியுங்கள். பச்சை இலையைத் தழையுரமாகவோ மூடாக்காகவோ போட வேண்டாம். சாணக்கரைசல் தெளித்து நன்றாக மக்கவிட்டால் வீரியம் குறையும், எருவாகும். நிலத்தை உழுது, நல்ல மழை ஒன்றிரண்டு காணட்டும். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், அது மண்ணுக்கு மண் மாறும். வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கொட்டாங்கச்சி எடுங்கள். ஒன்றில் மரத்தடி மண், மற்றதில் வெட்டவெளி மண். இரண்டிலும் 20 கம்பு விதை போட்டு, ஒரே அளவு தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். மரத்தடி மண்ணில் முளைப்பு மிகவும் குறைந்தால் இன்னும் பொறுங்கள்.

இன்னொன்று. கரிக்காக மேலோடு வெட்டினால் கட்டை மறுபடி துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். கருவை நெற்று தின்ற ஆட்டைக் கிடை போட்டால் புழுக்கையோடு விதையும் வந்து சேரும். அந்தக் கன்றுகளைச் சாண் உயரத்திலேயே களைக்கொத்தால் எடுத்துவிடலாம். இடுப்பு உயரம் போனால் கடப்பாரை வேண்டும்.