எந்த முறைப்படி கல்யாணம்?

பினாங்கில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை இப்படியொரு வழக்குக்கு வேலையே இருந்திருக்காது. 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளின் வாடகையை அந்தச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. அற்ப வாடகைக்கு உட்கார்ந்திருப்பவரை எழுப்பவும் முடியாது, கட்டடத்தை நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. சொந்தக்காரர் செத்தால் 'நீயே வைத்துக்கொள்' என்று பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்ப்பார்கள். 1997-ல் சட்டத்தை நீக்கினார்கள். 2000 ஜனவரியில் கட்டுப்பாடு முழுதும் விலகியது. ஜார்ஜ் டவுனில் ஒட்டடை படிந்து கிடந்த கடைவீடுகளுக்கு விலை ஏறியது. விலை ஏறியதும் வாரிசுகள் முளைத்தார்கள்.

என் கட்சிக்காரர் அப்போது நாற்பதைக் கடந்த தமிழ்ப் பெண். கணவர் ஹொக்கியன் சீனர். சூலியா தெருவை ஒட்டிய சந்தில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடை நடந்த கட்டடமும் பக்கத்துக் கட்டடமும் அப்பா வழியில் அவர் பெயருக்கு வந்தவை. உயில் எழுதாமல் மாரடைப்பில் போய்விட்டார். நூறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமியார் பெயரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. காலஞ்சென்றவரோடு நீங்கள் சேர்ந்து வாழ்ந்தீர்கள், ஆனால் மனைவி அல்ல; உங்கள் பிள்ளைகள் அவருடைய சட்டப்படியான வாரிசுகளும் அல்ல. மூன்று பக்கத்தில் சொல்லியிருந்தது இவ்வளவுதான். பெயர் மாமியாருடையது, விரல் கொழுந்தனுடையது.

கணக்கு எளிது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரியும். 1997 திருத்தத்துக்குப் பிறகு மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். மனைவியும் பிள்ளைகளும் இல்லையென்றால் மொத்தமும் பெற்றோருக்கு. மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். ஆக, இந்தப் பெண் மனைவி இல்லை என்று நீதிபதி ஒரு வரி எழுதினால் கிழவியின் கால் பங்கு முழுப் பங்காகிவிடும். அங்கிருந்து இளைய மகன் கைக்குப் போக எத்தனை நேரம் ஆகும்?

"கல்யாணச் சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். கோயில் ரசீது இருக்கு."

அவர்கள் கல்யாணம் நடந்தது 1979-ல். பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் 1972-ல் தொடங்கியதிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். இவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து இறங்குவார்; துறையில் காத்திருக்கும் தொழிற்சாலை பஸ்ஸை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் பிறகு கணவரானார். இருவருக்கும் பொதுமொழி பாசார் மலாய். பெண்ணின் அப்பா துறைமுகத் தொழிலாளி. விஷயம் தெரிந்து மகளோடு பேசுவதை நிறுத்தினார். பையனின் அம்மா பேசுவதை நிறுத்தவில்லை, அதுதான் தொல்லை. கடைசியில் இரண்டு வீட்டாரும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: காலையில் பட்டர்வொர்த்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் தாலி, மதியம் கடையின் மேல்மாடியில் சீன முறைப்படி தேநீர். பதிவு செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய கட்டாயமும் அப்போது இல்லை. 1952-ஆம் ஆண்டின் சிவில் திருமணச் சட்டப்படி விரும்பியவர்கள் பதிந்துகொண்டார்கள்.

1982 மார்ச் 1-ஆம் தேதி நிலைமை மாறியது. 1976-ல் இயற்றிய திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே மனைவி, பதிவு கட்டாயம். ஆனால் அந்தத் தேதிக்கு முன் மதப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த கல்யாணம் பதிவானதாகவே கருதப்படும் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. இவர்கள் 1983-ல் தாலி கட்டியிருந்தால் எனக்கு வேர்த்திருக்கும். பதியாத கல்யாணம் செல்லுமா என்பதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளே இரண்டு பக்கமும் பேசுகின்றன.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். தாலி கட்டவில்லை, தேநீர் கொடுக்கவில்லை என்றெல்லாம் அவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: எந்த முறைப்படி கல்யாணம்? இந்து முறை என்றால் மாப்பிள்ளை இந்து இல்லை, மதம் மாறவும் இல்லை. சீன வழக்கம் என்றால் பெண் சீனர் இல்லை. இரண்டு அரை டிக்கெட் சேர்ந்தால் ஒரு முழு டிக்கெட் ஆகாது என்றார். நீதிபதி சிரித்தார். வக்கீல் சொன்னதற்கு நீதிபதி சிரித்தால் அடுத்த தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

என்னிடம் இரண்டு பழைய தீர்ப்புகள் இருந்தன. ஒன்று, 1953-ல் லண்டன் பிரிவி கவுன்சில் முடித்துவைத்த சிங்கப்பூர் வழக்கு. மாப்பிள்ளை யூதர், பெண் சீனர். ஒரு வீட்டில் நடந்த சடங்கில் அவர் தம் முறைப்படி வணங்கினார், அந்தப் பெண் தன் முறைப்படி வணங்கினார். அதன்பின் குடும்பம் நடத்தினார்கள். அந்தக் கல்யாணம் செல்லும் என்றது கவுன்சில். இன்னொன்று 1881-ல் வந்தது, இலங்கைத் தமிழர் வழக்கு. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தது நிரூபணமானால் அவர்கள் முறையாக மணந்தவர்கள் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது மறுப்பவர் பொறுப்பு. சட்டம் இப்படிக் கையில் இருந்தது. ஆனால் நடந்தது கல்யாணம்தான், அதை எல்லோரும் கல்யாணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமே.

கோயில் ரசீதில் மாப்பிள்ளையின் சீனப் பெயரைக் கணக்கர் தமிழில் எழுதியிருந்த அழகைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மிச்சமிருந்தது ஒரு புகைப்படம். பட்டுச் சேலையில் பெண் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுகிறாள். நாற்காலியில் மாமியார் கோப்பையைப் பிடித்திருக்கிறார், முகத்தில் சிரிப்பு இல்லை. பெண்ணின் தலையில் சிவப்பு ரோஜா, மல்லிகை ஒரு சரம்கூட இல்லை. எதிர்வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டார். தமிழ்ப் பெண் மல்லிகை வைக்காமல் மணமேடை ஏறுவாளா? இது ஏதோ சீனப் புத்தாண்டில் மரியாதைக்குக் கொடுத்த தேநீர் என்றார்.

அதற்குப் பதில் சொல்ல நான் அழைத்த சாட்சி பக்கத்துக் கடைவீட்டு அம்மா. பிறப்பால் சீனர், வளர்ந்தது தமிழ் வீட்டில். அந்தக் காலத்து மலாயாவில் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைக் கொடுத்துவிடுவதும் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்ப்பதும் அபூர்வமல்ல. அவர் சாட்சிக் கூண்டில் ஏறியதும் சீன மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்குத் தமிழ்தான் வரும் ஐயா, நீங்க உட்காருங்க" என்றார் அந்த அம்மா. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விஷயத்தை உடைத்துச் சொன்னது அவர்தான். தலையில் வெள்ளைப் பூ வைப்பது சீனர்களுக்குத் துக்கத்தின் அடையாளம். கோயிலிலிருந்து மல்லிகையோடு வந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும், மகன் உயிரோடு இருக்கும்போதே இழவுப் பூவா என்று மாமியார் வாசலிலேயே கத்திவிட்டார். இந்த அம்மா பெண்ணைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் மல்லிகையை எடுத்துவிட்டு ரோஜாவைச் செருகினார். செம்பேரீச்சையும் லோங்கானும் போட்டுத் தேநீர் காய்ச்சிக் கொடுத்ததும் அவரே.

"மாமியார் குடித்தாரா?" என்று கேட்டேன்.

"நான் அடுப்படியில இருந்தேன். அதை அவங்ககிட்டயே கேளுங்க."

சீன வீட்டில் மருமகள் நீட்டும் தேநீரை வாங்கிக் குடித்து, ஆங்பாவ் என்ற அன்பளிப்புப் பண உறையைக் கொடுத்தால் அவளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கோப்பையைக் கையில் வாங்கியதற்குப் படம் இருந்தது. குடித்ததற்கு இல்லை.

இடையில் என் கட்சிக்காரரும் சாட்சி சொன்னார். அந்த வீட்டு அடுப்படியில் இரண்டு விரதக் காலண்டர் இருந்திருக்கிறது. இவருக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. மாமியாருக்குச் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் அன்றைக்குச் சண்டை இல்லை. மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராது. மாமியார் குவான் யின் அம்மனைக் கும்பிடுபவர், அந்த வகையில் மருமகளுக்கும் நிம்மதி. மிளகாய் தாளிக்கிற நெடிக்கு மட்டும் கடைசிவரை சமாதானம் ஏற்படவில்லை. பிள்ளைகள் சீனப்பள்ளியில் படித்தார்கள். பாட்டியிடம் ஹொக்கியன், அம்மாவிடம் தமிழ். பெரியவனுக்குக் காய்ச்சல் கண்ட ஆண்டு பாட்டியே வேண்டிக்கொண்டு, தைப்பூசத்தன்று ரதம் வரும் பாதையில் தேங்காய் உடைத்தாராம். பினாங்கில் அன்றைக்குத் தேங்காய் உடைக்கிற சீனர்களைப் பார்க்காதவர்கள் யார்? கலப்புக் குடும்பம் என்றால் பண்பாட்டு மோதல் என்று எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் சாப்பாட்டுச் சண்டையும் சாமிச் சண்டையும் வீட்டோடு நின்றுவிடும். கோர்ட்டுக்கு வருவது நிலம்.

கொழுந்தனைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது. அண்ணன் இறந்த அன்று அவரே பணம் கட்டி 'குவோங் வா' நாளிதழில் கொடுத்த இரங்கல் அறிவிப்பு அது. அதில் மனைவி என்ற இடத்தில் என் கட்சிக்காரரின் பெயர் சீன எழுத்தில் இருந்தது. ஊருக்காகப் போட்டது, முகம் காக்கத்தான் என்றார். ஊருக்கும் தெரிந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுமாறு நீதிபதியைக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் கிழவி வந்தார். கட்டம் போட்ட சாம்ஃபூ சட்டை, கையில் ஒரு துணிப்பை. முதல் விசாரணையில் தம் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். என் முறை வந்ததும் படத்தைக் காட்டினேன். ஹொக்கியன் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்விகள் போயின.

"இது நீங்களா?"

"நான்தான்."

"எப்போது எடுத்தது?"

"மகன் கல்யாணத்தில்."

எதிர்வக்கீல் பாதி எழுந்தார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தேன். குறுக்கு விசாரணையில் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நீதிபதிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர் குனிந்து, "அந்தத் தேநீரைக் குடித்தீர்களா?" என்று கேட்டார்.

கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்காமல் சும்மாவா ஆங்பாவ் கொடுத்தேன்? சர்க்கரை போதவில்லை. அன்றைக்கே சொன்னேன்."

எதிர்வக்கீல் மறுவிசாரணையில் நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தார். இவர் மனைவி அல்ல என்று உங்கள் வாக்குமூலத்தில் இருக்கிறதே என்றார். இளையவன் காட்டிய இடத்தில் கட்டைவிரல் வைத்ததாகச் சொன்னார் கிழவி. கடை யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டால் இப்போதும் இளையவனுக்குத்தான் என்பாராம். அந்த இந்தியக்காரிக்குப் போவதில் அவருக்கு இஷ்டம் இல்லையாம். "ஆனால் மருமகள் இல்லையென்று நான் எப்போது சொன்னேன்?" என்று தம் வக்கீலையே திருப்பிக் கேட்டார். முழுச் சொத்திலிருந்து கால் சொத்துக்குத் தாம் இறங்கிக்கொண்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. கொழுந்தன் எழுந்து வெளியே போனார்.

தீர்ப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. 1979-ல் நடந்தது செல்லும் கல்யாணம். எந்த முறைப்படி என்ற கேள்விக்கு, இரண்டு குடும்பமும் அன்று ஒப்புக்கொண்ட முறைப்படி என்று எழுதினார் நீதிபதி. அவர் எடுத்துக்காட்டியது அந்தச் சிங்கப்பூர் வழக்கைத்தான். இலங்கை வழக்கு தேவைப்படவில்லை; தேடியெடுத்த எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பிள்ளைகள் மைனர்கள் என்பதால் சொத்தை நிர்வகிக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொருவராக யாரைப் போடலாம் என்று என் கட்சிக்காரரைக் கேட்டேன். அவருடைய அண்ணன் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மாமியாரே இருக்கட்டும் சார். அவங்க கையெழுத்து இருந்தா கொழுந்தன் வாயைத் திறக்க முடியாது."

யோசனை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு நான் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வக்கீல் செலவு சொத்திலிருந்து போவது. நிர்வாகிகள் இருவரும் என் பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் கால் பங்கு தம் தலையில் விழுகிறது என்பதைக் கிழவிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மருமகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மருமகள் ஒவ்வொரு வரியாக ஹொக்கியனில் சொல்லச் சொல்ல, கிழவி விரல் விட்டு எண்ணினார். பதிவுக் கட்டணம் சரி. டைப் அடித்த செலவு போகட்டும். புகைப்படத்தைப் பெரிதாக்கிய செலவு என்ற வரி வந்ததும் மேசையைத் தட்டினார்.

"ஏன் சார், அது எங்க வீட்டுப் படம்தானே, அதுக்கு எதுக்குக் காசுன்னு கேக்கறாங்க" என்றார் மருமகள், முகத்தில் துளி சிரிப்பு இல்லாமல்.

அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.