டயர் போனா போகட்டும்

வேப்பூர் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடியது. காற்று என்று நினைத்தேன். அந்த இடத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம்தான், வெட்ட வெளி. காற்று வண்டியைத் தள்ளுவது புதிதில்லை. அப்புறம்தான் தட் தட் என்று சத்தம் வந்தது. வலது பின் டயர்.

ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை, அது மட்டும் எங்கோ படித்து மனதில் நின்றிருந்தது. டயர் போன வண்டியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் கட்டப் போனேன்.

"இங்க நிறுத்தாத" என்றாள் அம்மா, பின் சீட்டில் இருந்து.

"டயர் போச்சும்மா. இப்படியே ஓட்டுனா கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். ஓட்டிட்டே போ."

அம்மாவுக்கு கார் பற்றி ஒன்றும் தெரியாது. ஏசியைக் குறை, பாட்டை நிறுத்து, இந்த இரண்டைத் தவிர வண்டி விஷயத்தில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் குரலில் ஒரு அவசரம் இருந்தது. மணி ஆறரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆறு வயது மகள் அவள் மடியில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். நான் நான்கு விளக்கும் மின்னும்படி ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஓரத்தை ஒட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் உருட்ட ஆரம்பித்தேன்.

அம்மா எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸில் சுமோ ஓட்டினார். 2003இல் நான் பத்தாவது முடித்திருந்த சமயம், உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வண்டியின் வலது முன் டயர் போனது. அப்போது அந்தப் பகுதி இருவழிச் சாலை. ஒரு சின்னப் பாலம் இறங்கி ரோடு வளைகிற இடம். வண்டியை அங்கேயே நிறுத்தினார். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய குடும்பம், ஏழு பேர். எல்லோரையும் இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிற்கவைத்தார். பின்னால் கிளையை ஒடித்துப் போட்டார், கல் வைத்தார். ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டி, நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது பாலம் இறங்கி வந்த லாரிக்கு அவர் தெரியவில்லை. ஏழு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. விளக்குப் போட்டு. இதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். "ஒரு அரை கிலோமீட்டர் உருட்டியிருக்கக் கூடாதா?"

நான் எஞ்சினியரிங் படித்தவன். வேலையில் ஒரு சர்வர் விழுந்தால் முதலில் பாதிப்பு பரவாமல் பார், ரிப்பேர் அப்புறம் என்று ஜூனியர்களுக்கு வகுப்பே எடுக்கிறேன். அதே நான், டயர் போன அடுத்த நொடி, ஐயாயிரம் ரூபாய் சாமானைக் காப்பாற்றுவதற்காக, லாரிகள் எண்பதில் போகிற ரோட்டோரத்தில் நிறுத்தப் போனேன். அதுவும் வலது டயர். நம் ஊரில் இடது ஓரம் கட்டினால் வலது சக்கரத்துக்கு முன்னால் குத்தவைக்கிறவனின் முதுகு ரோட்டில்தான் இருக்கும்.

காற்று இல்லாமல் உருட்டினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவர் நசுங்கும். பஞ்சர் ஒட்டிச் சரிசெய்திருக்கக்கூடிய டயர் அதோடு குப்பைக்கு. ரிம் வளைந்தாலும் வளையும். நஷ்டம் அவ்வளவுதான். ஒன்றரை கிலோமீட்டர் உருட்டினேன். ரப்பர் கருகுகிற வாடை உள்ளே வந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. மகள் எழுந்து, "அப்பா, நாம ஏன் மாட்டுவண்டி மாதிரி போறோம்?" என்றாள். சென்டர் மீடியனில் அரளி பூத்திருந்ததை அன்றைக்குத்தான் நின்று நிதானமாகப் பார்த்தேன். இப்படி உருட்டிப் போய்ச் சேர ஓர் இடம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லையென்றால், முடிந்த மட்டும் ஓரம் தள்ளி நிறுத்திவிட்டு, எல்லோரும் ரோட்டை விட்டு விலகி நின்று 1033க்கு போன் போட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது. எனக்கு பங்க் கிடைத்தது.

பங்க்கின் ஓரத்தில், சிமென்ட் தரையில் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக், முதல் கியர். டிக்கியில் இருந்த பைகளை எல்லாம் இறக்கி ஸ்டெப்னியை எடுத்தேன்.

இந்த 'ஸ்டெப்னி' ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று இருக்கிறது. ஆரம்ப காலத்து கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் போனால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, கழற்றி, ஒட்டி, காற்றடித்துத்தான் கிளம்ப வேண்டும். 1904இல் அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத வெறும் ரிம்மில் காற்றடித்த டயரைப் பொருத்தி விற்க ஆரம்பித்தார்கள். பழைய சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், அதன் மேலேயே கவ்விவிட்டுக் கிளம்பிவிடலாம். ரோட்டோரத்தில் இருக்கிற நேரத்தைக் குறைப்பதுதான் விஷயம். தெருப் பெயர் கப்பலேறி வந்து நம் மெக்கானிக்குகள் வாயில் ஒட்டிக்கொண்டது. நம் ஆட்கள் அதற்கு ஒரு கேவலமான இரண்டாவது அர்த்தமும் கண்டுபிடித்தார்கள், அது வேறு கதை. 2020இல் விதி மாறி, காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. ஆணி குத்தின ஓட்டைக்கு அந்த கிட் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜாக்கியை வைக்கப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் கிட்டே வந்தார்.

"கல்லு வெச்சீங்களா சார்?"

வைக்கவில்லை. அவரே ஒரு கருங்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து முன் இடது சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். தூக்கப்போகிற சக்கரத்துக்கு நேர் குறுக்கே இருக்கிற சக்கரம் அது.

"நட்ட லூஸ் பண்ணீங்களா?"

அதையும் செய்யவில்லை. வண்டி தரையில் நிற்கும்போதே நான்கு நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிவிட்டு ஸ்பேனரில் தொங்கினால் வண்டி ஜாக்கியில் இருந்து நழுவும். கடையில் ஏர் கன் வைத்து முறுக்கிய நட்டு கைக்கு அசையவில்லை. ஸ்பேனரை இடது பக்கம் படுக்கவைத்து, காரைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்தேன். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இளகியது. கதவுக்குக் கீழே, விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும், ஜாக்கி அவற்றுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும். வேறு எங்காவது வைத்தால் தகடு உள்ளே போகும்.

தூக்கியதும் டிரைவர் ஸ்டெப்னியை உருட்டி வந்து காருக்கு அடியில் படுக்கப்போட்டார்.

"ஜாக்கிய நம்பக் கூடாது சார். சரிஞ்சா இதுமேல உக்காரும்."

பழைய டயரைக் கழற்றி அதை அடியில் போட்டுவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டினேன். நட்டின் சரிவான பக்கம் உள்ளே பார்த்து இருக்க வேண்டும். முதலில் கையால் முறுக்கி, டயரை வெளியே இழுத்துவிட்டு, வண்டியை இறக்கி, அப்புறம் ஸ்பேனர், அதுவும் எதிரெதிராக. பக்கத்துப் பக்கத்து நட்டாக இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும்.

டயர் கந்தல். விளிம்பு முழுக்கக் கிழிந்து நூல் தொங்கியது. டிரைவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப தூரம் உருட்டிட்டீங்களா?" என்றார்.

"ஒன்றரை கிலோமீட்டர். ரோட்ல நிறுத்த பயமா இருந்துச்சு. நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"எங்களுக்குப் பின்னாடி ஜோடி டயரு. ஒண்ணு போனா இன்னொண்ணு இழுத்துரும். முன்னாடி போச்சுன்னா நின்னுதான் ஆவணும். உருட்டிக் கிழிச்சா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?" சிரித்துவிட்டு டம்ளரை வைக்கப் போனார்.

காற்று பிடிக்கிற பையன், "ஸ்டெப்னில பதினெட்டுதான் சார் இருக்கு" என்றான். இருக்க வேண்டியது முப்பத்து மூன்று. வாங்கி இரண்டு வருடத்தில் அதை நான் தொட்டதே இல்லை. ரோட்டில் நின்றிருந்தால் அதுவும் உதவியிருக்காது.

தொழுதூர் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. மகள் தூங்கிவிட்டாள்.

"அந்த லாரிக்காரர் சொன்னது கேட்டுச்சு" என்றாள் அம்மா.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு டயர உருட்டிக் கிழிச்சுட்டான். திண்டிவனம் பக்கம். ரோட்ல நிறுத்த வேணாம்னு ஊர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கான். ஓனர் சம்பளத்துல ஆயிரத்து எண்ணூறு புடிச்சுட்டாரு. சம்பளமே மூவாயிரம். எங்கிட்ட வந்து நின்னான். சீட்டு எடுத்த காசு இருந்துச்சு, குடுத்தேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சும்மா குடுத்திருக்கலாம். திட்டிட்டுக் குடுத்தேன். எவனாவது டயரக் கிழிய விடுவானா, போச்சுன்னா உடனே நிறுத்த வேண்டியதுதானன்னு. சரிக்கா, இனிமே அங்கயே நிறுத்திடறேன்னான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ சொன்னதால் இல்லைம்மா, ஓனர் சம்பளம் பிடித்ததால் என்று சொல்ல வந்தேன். இருபது வருடம் அவள் அதை யோசிக்காமலா இருந்திருப்பாள்? மாமாவுக்கு ரோடு தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர். அந்த அரை கிலோமீட்டர் உருட்டுவதற்கு அவரிடம் காசு இல்லை. என்னிடம் இருந்தது. இத்தனை வருடம் அவரைப் பற்றி, பாவம் அவசரப்பட்டுவிட்டார் என்றே நானும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூரில் ஒரு டயர் கடை திறந்திருந்தது. புது டயர், பேலன்சிங், எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து இருநூறு. பையன் ஏர் கன்னை எடுத்தபோது, கடைசி முறுக்கு கையால் போடச் சொன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போட்டான். ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் ஒருதடவை செக் பண்ணிக்கங்க சார் என்றான்.

போனை எடுத்து ஸ்கேன் பண்ணப் போனேன். அம்மா காரில் இருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் இருந்து சுருக்குப்பையை எடுத்து, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை விரலில் எச்சில் தொட்டு எண்ணினாள். பத்து. அப்புறம் இருநூறுக்குச் சில்லறை தேடினாள்.

"எதுக்கும்மா, நான் குடுக்கறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றாள். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா காசை அவர் மேஜையில் வைத்துவிட்டு, கிழிந்த டயர் கிடந்த பக்கம் திரும்பாமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

சமயபுரம் தாண்டி ஒரு பங்க்கில், விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி நான்கு நட்டையும் பார்த்தேன். ஒன்று கால் சுற்று வாங்கியது.