கிராங்கைப் பிடித்துப் பார்த்த பிறகு

"பாஸ், இதையே செஞ்சு போடலாமா, வேற எஞ்சின் வாங்கவா?" த்ரீவீலைத் தள்ளிக்கொண்டு கராஜுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை உருவி, கிராங்கைக் கையால் பிடித்துப் பார்க்கும்வரை நான் பதில் சொல்வதில்லை.

பிஸ்டன், ரிங், போர் என்கிற சிலிண்டர் துளை மூன்றும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. பதுளை டவுன் ஏறக்குறைய 680 மீட்டர் உயரம். அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். இந்த ஏற்றத்தில் ஆளும் மாவு மூட்டையுமாக முதல் கியரிலேயே ஊர்ந்தால், காற்றால் மட்டும் குளிர வேண்டிய எஞ்சின் எப்படித் தாங்கும்? போர் முட்டை வடிவமாகிவிடும். மேலும் கீழும் நடுவிலும், குறுக்கும் நெடுக்குமாக அளந்து பார்த்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடிய பிஸ்டனுக்கு லேத்தில் போர் பண்ணினால் போதும். புகை கக்குகிறது என்பதற்காக எஞ்சினையே தூக்கி எறிவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

தீர்ப்பு கீழே, கிராங்கில் இருக்கிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்ப்பேன். அங்கே துளி ஆட்டமும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம். பிறகு கிராங்கை மெதுவாகச் சுற்றுவேன். பேரிங்கில் மணல் நெறிபட்டால் விரலுக்கே தெரிந்துவிடும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலை சரிந்தபோது, வண்டிகளும் சேற்றில் புதைந்தன. அப்படி மூழ்கிய எஞ்சினுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "எடுத்த பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கொன்ராட் வளைந்துவிடலாம். தொடாமல் கொண்டுவந்தால் பிளக்கைக் கழற்றி நீரை வடித்துவிடலாம். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தாலும் நான் பயப்படுவதில்லை. கிராங்க் இருக்கும் அடிப்பெட்டியைப் பிரித்துக் கழுவி, பேரிங்குகளை மாற்றினால் அது ஓடும். கடற்கரைக்காரர்களின் படகு மோட்டார் கதை வேறு. உப்பு அலுமினியத்தையே தின்றுவிடும், நாள் தவறினால் காப்பாற்றுவது கஷ்டம். நம் சேறு அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அதையும் ஈரத்தோடு வாரக்கணக்கில் விட்டால் துரு பேரிங்கில் ஏறிவிடும்.

அடிப்பெட்டி வெடித்திருந்தாலோ, பேரிங் உட்காரும் இடம் தளர்ந்திருந்தாலோ மாற்றச் சொல்லிவிடுவேன். ஒட்டிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுபவர்கள் உண்டு. செய்யமாட்டேன். அந்த வண்டியில்தான் நடுராத்திரியில் தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள்.

மாற்றுவதும் லேசான காரியமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி சில வருடங்களுக்கு நின்றுபோனது. 2022இல் டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. ரிங் செட்டின் விலையைக் கேட்டுப் பேசாமல் திரும்பிப் போனவர்களை அப்போது பார்த்தேன். பழைய எஞ்சின் வாங்கலாம்தான். ஆனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே தெரியாது. எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். அதைத் தள்ளிப்போட்டு, விற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். அடிப்பெட்டி நல்லதென்றால், பாதி விலைக்குப் பழைய எஞ்சின் கிடைத்தாலும் சொந்த எஞ்சினைச் செய்து போடத்தான் சொல்வேன். அதன் ஒவ்வொரு பேரிங்கையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செய்த எஞ்சினுக்குப் பொறுமை வேண்டும். புது ரிங் போரோடு படியும்வரை பாரம் ஏற்றி மலை ஏறக்கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன். தவணைக்காரன் வாசலில் நிற்கும்போது இது கேட்கக் கடினமான வார்த்தை. அதனால் மகியங்கனைப் பக்கம் ஹயர் கிடைத்தால் முதலில் அதை எடுக்கச் சொல்வேன், அங்கே சமதரை. முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடிக்க வரச் சொல்வேன். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பேன். மினுமினுவென்று மெல்லிய தூள் இருந்தால் சரி, ரிங் படிகிறது. நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் அன்றே திரும்பவும் பிரிக்க வேண்டியதுதான்.