ஒரு போனும் இரண்டு பிள்ளைகளும்

2010இல், ஏ9 பாதை திறந்து கொஞ்சக் காலத்தில், மாமா கொழும்பிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டரை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். பின்பக்கம் வயிறு வைச்ச பெரிய மொனிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. ஹோலில ரிவிக்குப் பக்கத்தில வைச்சம். தூசி படாமல் இருக்க அம்மா பூப்போட்ட துணி ஒண்டு தைச்சுப் போட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் டொங்கிளைச் செருகி ஸ்கைப் போட்டால், கனடாவில இருக்கிற மகனோட கதைக்க பக்கத்து வீட்டு ஆச்சியும் கதிரையைக் கொண்டு வந்திடுவா. 'பேர்சனல் கொம்பியூட்டர்' எண்டு பேர். ஆனால் எங்கட ஒழுங்கைக்கே பொதுச்சொத்து அது.

அந்தப் பேருக்குப் பின்னால ஒரு பெரிய கனவு இருந்தது. அதற்கு முதல் கணினி என்பது பல்கலைக்கழகங்களுக்கும், பெரிய கம்பனிகளுக்கும், இராணுவத்துக்கும் உரிய சாமான். 1975இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 வந்தது. பலர் அதை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பொருத்தினார்கள். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. சுவிட்சுகளும் சின்ன விளக்குகளும்தான். 1977இல் ஆப்பிள் 2, 1981இல் ஐபிஎம் பிசி, 2007இல் ஐபோன். ஐபிஎம் பிசியின் ஆக மலிவான மொடலுக்கு இருந்த நினைவகம் 16 கிலோபைட். 2 ஜிபி ரெம் உள்ள ஒரு சாதாரண போனில் அதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல இருக்கு. மேசையில இருந்தது மடிக்கு வந்து, மடியில இருந்து பொக்கெற்றுக்குள்ள வந்திட்டுது.

எல்லாம் சரி. ஆருடைய பொக்கெற்றுக்குள்ள?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. ஹோலில இருந்த கொம்பியூட்டர் எப்பவோ பழுதாகி, துணியோட அப்பிடியே இருந்தது. வீட்டில இருந்தது அம்மாவின்ர போன் ஒண்டு மட்டும்தான். எனக்கு ஏ/எல். தங்கச்சிக்கு ஓ/எல். பின்னேரம் ஏழு மணிக்கு எனக்கு பௌதிகவியல், அதே ஏழு மணிக்கு அவளுக்குக் கணிதம். "அண்ணாவுக்குத்தானே பெரிய சோதனை" எண்டு அம்மா சொன்னா. "நீங்க எடுங்கோ அண்ணா, நான் பிறகு நோட்ஸ் பாக்கிறன்" எண்டு அவளும் சொன்னாள். நான் எடுத்தன். ஒருநாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

வகுப்பு முடியிற நேரம் டேட்டாவும் முடிஞ்சிடும். ரீலோட் போடக் காசிருந்தால் அவள் நோட்ஸ் பார்ப்பாள். சேர் கரும்பலகையைப் படமெடுத்து அனுப்பியிருப்பார். அந்தச் சின்னத் திரையில ஒரு கணக்கைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்துக்கொண்டிருந்த அவளின்ர முகம் இப்பவும் ஞாபகம். சந்தேகம் கேட்க ஆளில்லை.

அவளின்ர சோதனை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. கணிதத்துக்கு 'எஸ்' தான் வந்தது. பொறியியல் படிக்கோணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவள், கலைப்பிரிவுக்குப் போனாள். கலைப்பிரிவு குறைஞ்சதில்லை. ஆனால் அது அவள் தெரிவு செய்ததில்லை.

தொழில்நுட்பம் எல்லாரையும் சமமாக்கும் எண்டு ஆரும் சொன்னால் எனக்கு அந்த ஏழு மணிதான் ஞாபகம் வரும். எத்தனை பேரிட்ட போன் இருக்கு எண்டு கணக்கெடுக்கினம். ஒரு போனை எத்தனை பேர் பங்கு போடினம், அதில ஆர் விட்டுக்குடுக்கினம் எண்டு கேக்கிறது குறைவு. பல வீடுகளில் விட்டுக்குடுத்தது தங்கச்சியாக இருந்திருக்கும்.

இப்ப அவளிட்ட சொந்தமா ஒரு போன் இருக்கு. அந்த வருசத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைச்சதில்லை. இந்த லிங்கை முதல்ல அவளுக்குத்தான் அனுப்பப்போறன்.