5 நிமிஷ ஏலமும் 15 நாள் கெடுவும்

வங்கி ஏலத்தில் வீடு வாங்கலாமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். "சந்தை விலையை விட கம்மி" என்கிற நாலு வார்த்தைக்கு அவ்வளவு மவுசு. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

மும்பையில் நம்ம ஆட்கள் வீட்டு விலை பேசுகிற விதம் ஏரியாவுக்கு ஏரியா மாறும். தாராவியில் டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். ஊர்ப் பெரியவர் ஒருத்தர், ஏஜென்ட் ஒருத்தர். விலை சொல்வது, கோபமாக எழுந்து போவது, பின்னாடியே ஓடிப்போய்க் கூப்பிடுவது எல்லாம் உண்டு. மாதுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி முறை. (நமக்குப் பகடி என்றால் கிண்டல். இங்கே தலைப்பாகை. சில நேரம் இரண்டும் ஒன்றுதான் :-)) குடியிருப்பவர் தன் வாடகை உரிமையை விற்பார், கட்டட முதலாளிக்கு அதில் ஒரு பங்கு. 1999 வாடகைச் சட்டம் இதைச் சட்டப்படியே அனுமதிக்கிறது. செம்பூர் பக்கம் சொசைட்டி ஃபிளாட். வங்கிகள் அடமானமாக எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். கடன் நின்றுபோனால் ஏலத்துக்கு வருவதும் இதுதான்.

தாராவியில் தோல் பை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். 60 வயது தாண்டிவிட்டது. ஒரு நாள் மகளின் லேப்டாப்போடு வந்தார். திரையில் செம்பூர் ஃபிளாட் ஒன்றின் ஏல அறிவிப்பு. "தம்பி, இதுல ஒரு வெலயப் போட்டு வைப்போமா? கூடக் கொறைய அப்புறம் பேசிக்கிடலாம்லா?"

அண்ணாச்சி, அப்புறம் பேசுகிற வேலையே இதில் கிடையாது என்றேன். (எங்கள் வங்கிச் சொத்தாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். இது வேறு வங்கி.)

2002ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கடன் கட்டாதவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, பிறகு கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தை வங்கி விற்கலாம். முன்பெல்லாம் சீல் வைத்த கவர், இல்லாவிட்டால் நேரடி ஏலம். நேரடி ஏலத்தில் நாலு புரோக்கர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் வெளியாள் நுழையவே முடியாது. 2016ல் மின் ஏலத்தை விதியிலேயே சேர்த்தார்கள். 2025 ஜனவரியில் பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளை ஒரே இடத்தில் காட்டும் பேங்க்நெட் தளம் வந்தது. பான் கார்டும் முன்பணமும் இருந்தால் தாராவி வியாபாரியும் பெரிய பில்டரும் ஒரே வரிசையில் நிற்கலாம். இது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 80 லட்சத்துக்கு ஏலம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பங்கேற்க முன்பணம் வழக்கமாக அடிப்படை விலையில் 10 சதவீதம். அதுவே சுமார் 8 லட்சம். ஜெயித்தால் அன்றைக்கே, தவறினால் அடுத்த வேலை நாளில், முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். அதாவது இன்னும் 12 லட்சம். மிச்சம் 60 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள் கெடு. வங்கி எழுத்தில் சம்மதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டலாம். கட்டாவிட்டால் கட்டிய பணம் போச்சு.

நிஜமாகவே போகும். 12.27 கோடிக்கு ஏலம் எடுத்த ஒருவர் மீதியைக் கட்ட முடியவில்லை. அவருடைய 25 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூன்று கோடிக்கு மேல் வங்கியிடமே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இணையம் வழியாக வீட்டுக்கு விலை சொல்லும்போது, "லோன் கிடைத்தால்தான்", "வீட்டைப் பரிசோதித்துப் பார்த்து சரியாக இருந்தால்தான்" என்று நிபந்தனை சேர்க்கலாம். விற்பவர் எதிர்விலை சொல்லலாம். நம்ம ஏலத்தில் நிபந்தனை எழுதக் கட்டமே கிடையாது. இருப்பது விலையை ஏற்றும் பொத்தான் ஒன்றுதான். எல்லா நிபந்தனையும் வங்கியுடையது: "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்". சொசைட்டி பாக்கி, சொத்து வரி எல்லாம் வாங்குபவர் தலையில். இப்படி விற்ற சொத்துகளில் பழைய மின்கட்டணப் பாக்கியையும் புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அறிவிப்பில் பலரும் தாண்டிப் போகிற ஒரு வார்த்தை உண்டு. "அடையாள சுவாதீனம்". அதாவது வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். காலி செய்ய மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், அது எப்போது நடக்கும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது. அண்ணாச்சி காட்டிய ஃபிளாட் அந்த வகை. போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்றேன். பார்த்துவிட்டு வந்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

"வாசல்ல ஸ்கூல் பை கெடக்கு தம்பி. அவியள வெளிய அனுப்பிட்டு நான் பால் காய்ச்சணுமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடன் வசூலாகாவிட்டால் அது டெபாசிட் போட்டவர்களின் பணம் என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிற பதில் உண்டு. அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. டீக்கடை பேரத்தில் ஏன் விற்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. திரையில் அதைக் கேட்க வழியே இல்லை.

சில மாதம் கழித்து வேறொரு ஃபிளாட். காலியாகப் பூட்டிக் கிடந்தது, சாவி வங்கியிடம். அண்ணாச்சி சொசைட்டி செயலாளரைப் பார்த்து பாக்கியை எழுதி வாங்கினார். வக்கீலிடம் பத்திரம் காட்டினார். லோனுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கினார். ஸ்டாம்ப் டியூட்டி, பதிவு, பாக்கி எல்லாவற்றையும் கழித்துத் தன் உச்ச விலையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மகளிடம் கொடுத்தார்.

ஏலத்தன்று கடைசி 5 நிமிஷத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னொரு 5 நிமிஷம் நீளும். அப்படி ஏழு தடவை நீண்டது. எதிராளி யார் என்று தெரியாது, எண் மட்டும் ஏறுகிறது. தாளில் இருந்த தொகை வந்தது, அதையும் தாண்டியது. "இன்னும் ஒரே ஒரு தடவைப்பா" என்று மகள் கெஞ்சியிருக்கிறாள். அண்ணாச்சி லேப்டாப்பை மூடிவிட்டார்.

முன்பணம் திரும்பி வந்துவிட்டது. மகளுக்கு இன்னும் வருத்தம். அவர் அடுத்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், காலி வீடுகளை மட்டும்.

ஏலத்தில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் பேரம் முழுவதையும் லாகின் செய்வதற்கு முன்பே, வக்கீலிடமும் சொசைட்டியிடமும் லோன் ஆபீசரிடமும் முடித்துவிடுங்கள். உச்ச விலையைத் தாளில் எழுதி, உங்களை விடப் பிடிவாதக்காரர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.