சீஸின் மூக்கை வெட்டக்கூடாது

நார்த்தாமலைக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களுக்கு விஜயாலய சோழீச்சரத்தைச் சுற்றிக்காட்டலாம் என்றுதான் பாண்டிக்குப் போய் பிரெஞ்சு படித்தேன். சதுரக் கோயிலுக்குள் வட்டக் கருவறை இருப்பதை விளக்கத் தெரிந்தால் கைடு வேலைக்குப் போதும் என்பது என் கணக்கு. அங்கே பாடம் எடுத்த மதாமின் கணக்கு வேறு. பாதிப் பாடத்தைச் சாப்பாட்டு மேஜையில்தான் நடத்தினார்.

குருவாசான் வாங்கித் தின்று 'பிரெஞ்சு உணவு நாள்' கொண்டாடுவது அவருக்கு ஆகாது. எனக்கும் இப்போது ஆகாது. அதில் வயிறுதான் நிறையும். யார் முதலில் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது போதும் என்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்வார்.

ஒருநாள் முக்கோணத் துண்டாக பிரி சீஸ் வந்தது. மதாம் கத்தியைப் பக்கவாட்டில் வைத்து, நுனியிலிருந்து தோல்வரை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவினார். நுனியைப் பிரெஞ்சுக்காரர்கள் மூக்கு என்கிறார்கள். முழு வட்டத்தின் நடுப்பகுதி அது. அதை ஒருவரே வெட்டிக்கொண்டால் கடைசி ஆளுக்குத் தோல்தான் மிஞ்சும். மீன் குழம்பில் நடுத்துண்டை முதலில் அள்ளுகிறவரை எங்கள் அப்பத்தா பார்க்கும் பார்வை நினைவுக்கு வந்தது.

2010-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிரெஞ்சு விருந்தைச் சேர்த்தபோது, தனி ஒரு பதார்த்தத்தை அல்ல, கூடி உண்ணும் அந்த முறையைத்தான் சேர்த்தது. தொடக்க உணவு, மீனோ கறியோ காய்களோடு, பிறகு சீஸ், கடைசியில் இனிப்பு. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

பிறகு எங்கள் முறை. இலைச் சாப்பாட்டைப் பிரெஞ்சில் விளக்க வேண்டும். பரிமாறும் வரிசை சுலபமாக வந்தது. எச்சில்தான் நாக்கைக் கட்டிப்போட்டது. முத்துமாரியம்மனுக்கு வைக்கும் பொங்கலை ருசி பார்க்காமல் இறக்குகிறோம், ஏன்? நெருங்கிய நண்பரின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்ப்பதைத் தப்பாக நினைக்காதவர்களுக்கு இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? சுத்தம் என்று ஆரம்பித்தால் கிருமி என்று புரிந்துகொள்கிறார்கள். சாமிக்கு முதல் பங்கு என்று ஆரம்பித்தேன்; மதாம் தலையாட்டினார்.

இப்போதெல்லாம் பிரெஞ்சுப் பயணிகளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகும்போது காரிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டு, பொரியல் எல்லாம் ஒன்றாகவே வரும், அடுத்த தட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். குழம்பு, ரசம், மோர் என்று சோறுதான் மூன்று முறை வரும், முதலிலேயே வயிற்றை நிரப்ப வேண்டாம். போதுமென்றால் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டுங்கள். வாயால் மட்டும் சொன்னால் இன்னொரு கரண்டி விழும்.