எந்தப் பழைய டிராக்டரை வாங்குவது?

பாடநூலில் 'இழுவை இயந்திரம்' என்றும் 'உழுவை' என்றும் எழுதுகிறோம். இப்பதிவில் மட்டும் தோட்டத்து மக்கள் சொல்வது போல் டிராக்டர் என்றே எழுதப் போகிறேன். பொறுத்தருள்க.

எங்கள் தோட்டம் பாலிங் வட்டாரத்தில் உள்ளது. லயங்கள் இடிக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளில் குடியிருக்கின்றன. கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவிற்கு எல்லாரும் அங்குதான் கூடுகிறோம். இவ்வாண்டு முன்னாள் மாணவர்களாகிய இளைஞர்கள் சிலர் புதியதோர் எண்ணத்துடன் என்னிடம் வந்தார்கள். திருவிழாவிற்கு மறுநாள் பழைய டிராக்டர்கள் சிலவற்றை வரிசையாகச் செம்மண் சடக்கில் ஓட்டிச் செல்ல வேண்டும்; வேலை எதுவும் இல்லை, வெறும் உலா. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஓய்வுபெற்ற உழவர்கள் இவ்வாறு ஊர்வலம் போவதைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வண்டிகள் ஏற்கெனவே கையில் உள்ளன. திரட்டிய பணத்தில் இன்னும் ஒன்று வாங்கலாம்.

"டீச்சர், உங்க அப்பா ஓட்டின வண்டி எது? அதையே வாங்கிடலாம்" என்றான் ஒருவன்.

என் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பால் தோம்புகளையும் பின்னாளில் செம்பனைக் குலைகளையும் ஏற்றியவர். திருவிழா நாளில் தண்ணீரும் விறகும் அவர் வண்டியில்தான் வரும். ஆதலால் இக்கேள்வி என்னிடம் வந்ததில் வியப்பில்லை.

விலைக்கு இருந்தவை இரண்டு. ஒன்று மாஸி ஃபெர்குசன் 135. மற்றொன்று போர்ட்சன் சூப்பர் மேஜர். முன்னது 1964-இல் அறிமுகமாகி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1975 வரை தயாரிக்கப்பட்டது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இயந்திரம் கொண்டது. பின்னது டாகன்ஹாமில் 1960 முதல் 1964 வரை தயாரானது. நான்கு சிலிண்டர், 3.6 லிட்டர். எடையில் ஏறத்தாழ ஒரு டன் கூடுதல். நீல நிற உடலும் கனத்த உறுமலும் கொண்ட அதைக் கண்டவுடன் இளைஞர்கள் மயங்கிவிட்டார்கள். என் சித்தப்பாவும் அவர்கள் பக்கம்தான். அவருக்கு வயது 71. அப்பாவோடு தோட்டத்தில் வண்டி ஓட்டியவர். வாங்கப் போகும் வண்டியை ஓட்டப் போகிறவரும் அவரே.

"போர்ட்சன் சத்தத்தைக் கேட்டாலே பெரட்டுக்கு ஆள் எழுந்திருக்கும் பிள்ளை" என்றார்.

சத்தம் உண்மைதான். ஆனால் அந்தச் சடக்கில் இரண்டு இறக்கங்கள் உள்ளன. நான் அவற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இங்கு ஒன்று உண்டு. டிராக்டரில் பிரேக் மிதிகள் இரண்டு. வலச் சக்கரத்திற்கு ஒன்று, இடச் சக்கரத்திற்கு ஒன்று. வயலில் ஒரே இடத்தில் வளைந்து திரும்புவதற்காக அப்படி அமைத்தார்கள். சாலையில் ஓட்டும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் இறக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக வெட்டித் திரும்பிக் கவிழும். அப்பாவின் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் கால் போயிற்று. பின்னால் குலை ஏற்றிய டிரெய்லர் தள்ள, முன்னால் வண்டி மடங்கியது. அப்பா அதன் பிறகு இறக்கத்திற்கு முன் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்தக் கொக்கியைப் பார்ப்பார்.

ஃபெர்குசனிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மல்டி பவர்' என்னும் வேக மாற்றி பொருத்தப்பட்ட வண்டிகளில், அதைக் குறைந்த நிலையில் வைத்து இறங்கினால் இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மிதிவண்டி போல் தானே உருளும். உயர்ந்த நிலைக்கு மாற்றினால்தான் பிடிக்கும். இறக்கத்தில் 'லோ' போடுவதே பாதுகாப்பு என்று எல்லாரும் நம்புவதால் இது பொல்லாத பொறி. ஆகவே விலை பேசுமுன் அந்த மாற்றி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். விற்பனைக்கு இருந்ததில் அது இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி.

உதிரிப் பாகங்களிலும் ஃபெர்குசனுக்கே ஏற்றம். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் வடிவமைப்பில் பல ஆண்டுகள் டிராக்டர்கள் செய்தது. அதனால் பழைய ஃபெர்குசனுக்குப் பொருந்தும் பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. போர்ட்சன்காரர் பழைய இரும்புக் கடையில் தேட வேண்டியிருக்கும். மேலும் ஃபெர்குசனின் இருக்கை தாழ்வானது. முழங்கால் வலியுள்ள ஒருவர் ஏறி இறங்க இது போதாதா?

சித்தப்பா எளிதில் விடவில்லை. "எடை கூடினா தரையைக் கவ்வும்" என்றார். மழை பெய்த செம்மண்ணில் அது ஓரளவு சரி. அதே எடை இறக்கத்தில் முன்னால் போகும் வண்டியின் முதுகில் வந்து நிற்கும். கூட்டமாக ஓட்டுவதில் முதன்மையானது இழுவை வலிமை அன்று. ஒரே சீரான வேகமும் நிற்க இடைவெளியும்தான். எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 சனவரி 4-ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தது மூன்று சிறிய ஃபெர்குசன் டிஇ 20 டிராக்டர்களில். பனிப்பிளவில் ஒன்று விழுந்தால் மற்றவை பிடிக்க வேண்டும் என்று வண்டிகளைக் கயிற்றால் பிணைத்து ஓட்டினார்கள். இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், சித்தப்பாவுக்கும் சொன்னேன். "அங்க செம்மண் ஏது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

முடிவில் ஃபெர்குசனையே வாங்கினார்கள். நான் இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். இவ்வண்டிகளுக்குக் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. சுவீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம் தோட்டங்களுக்கு வந்த பல வண்டிகள் அது இல்லாமலே ஓடின. சட்டமும் இருக்கைப்பட்டையும் பொருத்திய பிறகே உலா. இரண்டாவது, சக்கரக் காப்பின் மேல் எந்தக் குழந்தையும் உட்காரக் கூடாது. நாம் உட்கார்ந்தோமே என்று தந்தைமார்கள் சொல்லத்தான் செய்வார்கள். ஆம், நாம் உட்கார்ந்தோம். என்னுடன் உட்கார்ந்து வந்த ஒரு பெண் விழுந்ததையும் பார்த்தேன். பிள்ளைகள் கோயில் திண்ணையிலிருந்து கையசைக்கட்டும்.

பொதுச் சாலையில் ஓட்டுவதாயின் பதிவும் காப்புறுதியும் வேண்டும். ஓட்டுநர் உரிமத்திலும் டிராக்டருக்குத் தனி வகுப்பு உண்டு. ஆகவே உலா முழுவதும் தோட்ட எல்லைக்குள்ளேயே. அதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. மலாயில் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நேற்றிரவு முதல் வரைவை முடித்தேன். சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, வண்டிக்குச் சிவப்புச் சாயம் அடிக்கும்போது பிரேக் கொக்கிக்கு மட்டும் மஞ்சள் அடிக்கச் சொல்லியிருப்பதாகக் கூறினார்.